அட்டைப்பெட்டி ராக்கெட்டில் ஒரு குறும்படம்: கேள்வி பதில்

கேள்வி: ஐந்து வயது மகளை வைத்து நிலாப் பயணக் குறும்படம் எடுக்கிறேன். வசனத்தை ஒப்பிக்கிறாள், உயிரே இல்லை.

பதில்: வசனத் தாளைக் கிழித்துப் போடுங்கள். முதலில் அவள் பேச்சைப் பதியுங்கள், கதை அப்புறம். அமெரிக்க அனிமேஷன் இயக்குநர் டான் ஹெர்ட்ஸ்ஃபெல்ட்டின் ‘வேர்ல்ட் ஆஃப் டுமாரோ’ (2015) குறும்படத்தில் வரும் குழந்தைக் குரல், அவருடைய உடன்பிறந்தாரின் நான்கு வயது மகளுடையது. நடிக்கச் சொல்லாமல், வரையும்போதும் விளையாடும்போதும் அவள் பேசியதைப் பதிந்து, அதைச் சுற்றிக் கதையை எழுதினார். அனிமேஷன் கலைஞர்களான ஜான், ஃபெய்த் ஹப்ளி தம்பதி 1959-லேயே தங்கள் மகன்களின் விளையாட்டுப் பேச்சைப் பதிந்து ‘மூன்பேர்ட்’ குறும்படம் எடுத்தார்கள். ஆஸ்கர் கிடைத்தது. நீங்களும் அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “ஜன்னல் வழியா என்னம்மா தெரியுது?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அதுதான் கஷ்டம்.

கேள்வி: நிலவில் குதிப்பதுபோல் காட்டக் கயிறு கட்டணுமா?

பதில்: குழந்தைக்குக் கயிறா? கூடவே கூடாது. நிலவின் ஈர்ப்பு நம்முடையதில் ஆறில் ஒரு பங்கு. அதனால் அதே உயரத்திலிருந்து தரைக்கு வர சுமார் 2.45 மடங்கு (ஆறின் வர்க்கமூலம்) நேரமாகும். போனில் நொடிக்கு 60 ஃபிரேமில் எடுத்து 24-ல் ஓட்டினால் 2.5 மடங்கு மெதுவாகும். கிட்டத்தட்ட அதே கணக்கு! ஒரே சிக்கல், கையசைவும் சேர்ந்து மெதுவாகிக் காட்டிக்கொடுத்துவிடும். கைகளை மட்டும் படபடவென்று ஆட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: நட்சத்திரத்துக்கு சீரியல் பல்பு போதுமா சார்?

பதில்: நிலவில் பகல் என்றால் பல்பே வேண்டாம், கறுப்புத் துணி போதும். வெயிலில் பளிச்சென்றிருக்கும் தரைக்கு ஏற்ப கேமராவின் வெளிச்ச அளவை வைத்ததால்தான், நிலவில் இறங்கிய அப்போலோ வீரர்கள் எடுத்த புகைப்படங்களில் நட்சத்திரங்கள் பதியவில்லை. பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு வைத்து, நிழல் கருகருவென்று விழட்டும். ஆனால் பிள்ளை நட்சத்திரம் வேண்டுமென்று அடம்பிடித்தால் மாட்டிவிடுங்கள். நிலா அவளுடையது.

கேள்வி: விண்வெளியில் சத்தம் கேட்காதே, ராக்கெட் ஒலி தப்பில்லையா?

பதில்: வெளியே காற்றில்லை, கேட்காது. ராக்கெட்டுக்குள் காற்று உண்டே! இணையத்தில் இறக்கிய ஒலி எதுவும் பிள்ளை வாயால் போடும் ‘டுர்ர்ர்’ருக்கு ஈடாகாது.

கேள்வி: ஹெல்மெட்?

பதில்: பிளாஸ்டிக் பை, மூடிய டப்பா எதையும் தலையில் மாட்டாதீர்கள், மூச்சு முட்டும். முகப்பக்கம் அகலமாக வெட்டிய அட்டை போதும். கண்ணாடித்தாள் ஒட்டினால் அதில் விளக்கும் நீங்களும்தான் தெரிவீர்கள்.