சட்டத்தரணியிடம் கேளுங்கள்: “பிள்ளை உழைக்கவில்லைத்தானே!”

கேள்வி: ஐயா, கொழும்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள், பொங்கல் லீவு முடிந்து இரவுப் பஸ்ஸில் திரும்பும்போது விபத்தில் இறந்துவிட்டாள். வீதியோரம் நின்ற லொறியில் பஸ் மோதியது. சாரதி தூங்கிவிட்டாராம். அன்று காலை கொழும்பிலிருந்து ஓட்டி வந்து சேர்ந்தவரையே மாலையில் திரும்பவும் அனுப்பினார்கள் என்று நடத்துநர் வைத்தியசாலையில் எங்களிடம் சொன்னார். அந்தியேட்டி முடிந்த கையோடு முதலாளியின் ஆள் இரண்டு இலட்சம் ரூபாயும் சிங்களத்தில் ஒரு கடிதமும் கொண்டுவந்தார். “பிள்ளை உழைக்கவில்லைத்தானே, கோட்டுக்குப் போனாலும் ஒன்றும் கிடைக்காது, கையெழுத்து வையுங்கோ” என்கிறார். வைக்கலாமா?
– ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: வைக்காதீர்கள், தங்கச்சி. செத்தவீட்டுச் செலவுக்கு உதவி என்றால் காசை மட்டும் தந்துவிட்டுப் போகட்டும், கடிதம் எதற்கு? இப்படி வரும் கடிதங்களில் பெரும்பாலும் “இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்” என்றுதான் இருக்கும். ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆள் சொன்னது முழுப் பொய்யல்ல, பழைய சட்டம். ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த நமது ரோமன் டச்சுச் சட்டம் இறந்தவரின் உழைப்பில் தங்கியிருந்தவர்களுக்கே இழப்பீடு தந்தது. ஒரு வைத்தியரின் கவனயீனம் பற்றிய பெயர்பெற்ற வழக்கில், பிள்ளையின் அன்பும் துணையும் போனதற்குத் தகப்பனுக்கு நட்டஈடு இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. படிக்கிற பிள்ளையின் உயிருக்குக் கணக்கில் பூச்சியம்! கறுப்புக் கோட்டுப் போட்ட காலத்தில் இதைப் பெற்றோரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நா எழுந்ததில்லை. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் அதை மாற்றிவிட்டது. இன்னொருவரின் கவனயீனத்தால் பிள்ளை இறந்தால், அன்பும் பராமரிப்பும் துணையும் இழந்ததற்காகவும் பெற்றோர் நட்டஈடு கேட்கலாம். முதலாளியின் ஆளுக்கு இது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் சொல்லாமல் இருக்கலாம், அதுதான் என் சந்தேகம்.

சரி, யாரிடம் கேட்பது? பொலிசார் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவில் சாரதி மேல் வழக்குப் போடுவார்கள். உச்சபட்சம் 5 வருடச் சிறை. அதில் முதலாளியின் பெயர் பெரும்பாலும் வராது. சாரதி தூங்கினார் என்பதை நானும் நம்புகிறேன். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் இரவிரவாக ஓட்டி வந்த மனுஷனைப் பொழுதுபட முன்னம் திரும்ப ஸ்ரியரிங்கில் இருத்தினால் வேறென்ன நடக்கும்? இன்னொரு சாரதியின் ஒருநாள் சம்பளத்தை மிச்சம் பிடித்தவர் கந்தோரில்தான் இருக்கிறார். ஆகவே மாவட்ட நீதிமன்றத்தில் குடியியல் வழக்கு. வேலையாளின் தவறுக்கு முதலாளி பொறுப்பு என்பது ஒன்று. ஓய்வில்லாமல் அனுப்பியது முதலாளியின் சொந்தக் கவனயீனம் என்பது மற்றது. இரண்டையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள்.

நடத்துநர் சொன்னதுதான் உங்கள் வழக்கின் உயிர். அவர் இன்னும் அந்த முதலாளியிடம்தான் வேலை செய்கிறார் என்றால் நாளைக்கு வேறு கதை சொல்லக்கூடும். பொலிஸ் வாக்குமூலத்தில் அதைச் சொன்னாரா என்று பாருங்கள், மரண விசாரணை அறிக்கையின் பிரதியையும் எடுங்கள். மகளின் கைபேசியில் ஆசனப்பதிவுக் குறுஞ்செய்தி இருந்தால் அழிக்க வேண்டாம். பஸ்ஸின் ஜீ.பி.எஸ். பதிவுகளைப் பாதுகாத்து வைக்கும்படி சட்டத்தரணி மூலம் முதலாளிக்கு உடனே ஒரு கடிதம் போகட்டும். வழித்தட அனுமதியும் நேர அட்டவணையும் பற்றித் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டத்தில் கேட்கலாம். வழக்குப் போட 2 வருடங்கள்தான் அவகாசம். பணவசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போங்கள்.

கேள்வி: இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் என்றால் அரசாங்கத்தோடு வழக்காட முடியுமா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: முடியும். இ.போ.ச. வழக்குத் தொடரவும் தொடரப்படவும் கூடிய சபை. 2025 மே 11இல் கொத்மலையில் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்ததும் இ.போ.ச. பஸ்தான். ஆசனங்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக ஆட்களை ஏற்றியிருந்தார்கள். தனியாரைத் திட்டிவிட்டு இதை மறந்துவிடுகிறோம்.

கேள்வி: என் கணவர் பஸ் சாரதி. விபத்தில் அவரும் இறந்துவிட்டார். பிழை அவருடையதுதான், அதனால் சதமும் தரமுடியாது என்கிறார் முதலாளி. ஊரும் எங்களைத்தான் ஏசுகிறது.
– பெயர் வேண்டாம், கிளிநொச்சி

பதில்: மகள், ஊர் ஏசட்டும். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தில் வேலையின்போது நடந்த விபத்தில் மரணம் என்றால், தொழிலாளியின் பிழையைக் காட்டி முதலாளி தப்ப முடியாது. தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பியுங்கள். ஊழியர் சேமலாப நிதி கட்டப்பட்டதா என்றும் தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள். பஸ்காரரில் பலருக்கு அது கட்டப்படுவதில்லை. கட்டாமல் விட்டிருந்தாலும் தொழில் அலுவலகத்தார் முதலாளியிடம் அறவிடலாம். சம்பளம் கையில்தான் கொடுத்தார்கள் என்றால், கணவர் எழுதி வைத்த கொப்பி, வங்கியில் போட்ட துண்டு, கூட வேலைசெய்த ஒருவரின் சாட்சி, எது கிடைத்தாலும் கொண்டுபோங்கள்.