ஷிரோனா, ரெகெராவா?

கேள்வி: புகாட்டி ஷிரோன், கோனிக்செக் ரெகெரா என்ற இரு அதிவேகக் கார்களில் சேகரிப்புக்கு எதை வாங்கலாம்? சென்னையிலேயே வைத்து ஓட்டவும் ஆசை.
— வாசகர், அடையாறு

பதில்: ஓட்டும் ஆசையை முதலில் பார்த்துவிடுவோம். ஷிரோனை இடப்பக்க ஸ்டீயரிங்கோடு மட்டுமே செய்தார்கள். நம் இறக்குமதி விதி கேட்பதோ வலப்பக்க ஸ்டீயரிங். பழைய கார் என்றால், தயாரித்து 3 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. ரெகெராவில் வலப்பக்க ஸ்டீயரிங் உண்டு. ஆனால் செய்ததே 80 கார்கள், உற்பத்தியும் முடிந்துவிட்டது. 3 ஆண்டு வரம்புக்குள் ஒன்று சிக்குவது குதிரைக்கொம்பு. ஆக, எதை வாங்கினாலும் துபாயிலோ ஐரோப்பாவிலோதான் நிறுத்த வேண்டியிருக்கும்.

இரண்டுக்கும் சக்தி சுமார் 1500 குதிரைத்திறன். அதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் வழிதான் வேறு. ஷிரோனில் 8 லிட்டர், 16 சிலிண்டர் (டபிள்யூ16) எஞ்சின், 4 டர்போ, 7 கியர், நான்கு சக்கர இழுவை. ரெகெராவில் கியர்பாக்ஸே கிடையாது! 5 லிட்டர் வி8 (8 சிலிண்டர்) எஞ்சினை ஒரு ஹைட்ராலிக் கப்ளிங் (எண்ணெய் மூலம் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு) வழியாக 2.73 சுற்றுக்குச் சக்கரம் 1 சுற்று என்ற ஒரே விகிதத்தில் பின்சக்கரத்தோடு இணைத்திருக்கிறார்கள். மெதுவாகப் போகும்போது கப்ளிங் நழுவ, மின்மோட்டார்கள் வண்டியைத் தள்ளும். கியர் மாற்றும் நேரம் மிச்சம்; எடையும் ஷிரோனைவிட 400 கிலோ அளவுக்குக் குறைவு. நின்ற நிலையிலிருந்து 400 கி.மீ. வேகம் தொட்டு மறுபடி நிற்க ஷிரோனுக்கு 41.96 விநாடி (2017), ரெகெராவுக்கு 31.49 விநாடி (2019).

பொறியியலுக்காகச் சேர்ப்பவர் கண்ணை மூடிக்கொண்டு ரெகெரா பக்கம் போகலாம். ஆனால் அதன் உயர் மின்னழுத்த பேட்டரியைச் சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் செல்கள் கெடும். கதவு முதல் பானெட் வரை ஹைட்ராலிக்கில் திறப்பதால், ஒவ்வொன்றையும் திறந்து மூடி எண்ணெய்க் கசிவு பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஷிரோன் 500 கார்கள். அடுத்து வந்த புகாட்டி காரான டூர்பியோனில் டர்போ இல்லாத வி16 எஞ்சின் என்பதால், பழைய டபிள்யூ16 எஞ்சினுக்கு மவுசு இருக்கும். வாங்கும்போது இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்குங்கள்: அது இல்லாவிட்டால் வேகம் 380 கி.மீ.-யிலேயே நின்றுவிடும், இருந்தால் 420. டயர் பக்கச்சுவரில் கடைசி 4 எண்களையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். டயரின் பட்டன் (தரையைத் தொடும் வரிப்பகுதி) தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். அந்த டயரோடு வேகம் கூடவே கூடாது.

கேள்வி: ஷிரோன் 490 கி.மீ. வேகம் தொட்டதாமே?
— வாசகர், வேளச்சேரி

பதில்: 2019 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஏரா-லெசியன் தடத்தில் 490.484 கி.மீ. தொட்டது, பின்பகுதியை நீட்டிய சோதனைக் கார். ஓடியதும் ஒரே திசையில்தான். சாதனைக் கணக்குக்கு இரு திசையிலும் ஓடிச் சராசரி எடுப்பதே வழக்கம். நம் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தின் முழுச் சுற்றே 3.717 கி.மீ.; அங்கே அந்த வேகத்தில் பாதியைத் தாண்டுவதற்குள் வளைவு வந்துவிடும்.