உறுமினால் அடக்கலாமா? நாய் வளர்ப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 10 மாதம். சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் போனால் உறுமுகிறது. பயிற்சி கொடுக்க வந்தவர், “நீங்கதான் தலைவர்னு காட்டணும். தட்டைப் பிடுங்குங்க, முறைச்சா புரட்டிப் போட்டுத் தரையோட அமுக்குங்க” என்கிறார். செய்யலாமா? – வாசகர், சேலம்

செய்யாதீர்கள். இந்த ‘தலைவர்’ கதைக்கு வயது அதிகம். ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து 1947இல் எழுதியது அது. ஓடிப்போக வழியில்லாத இடத்தில் அவை சண்டையிட்டதைத்தான் அவர் பார்த்தார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999இல் விளக்கமாக எழுதினார். அதற்கு முன்பு ‘தலைவன்’ கருத்தைப் பரப்பியதில் அவருடைய பழைய புத்தகத்துக்கே பெரிய பங்கு உண்டு. ஓநாய்க்கே பொருந்தாத ஒன்றை லாப்ரடார் மேல் ஏற்றிப் பயன் இல்லை.

உங்கள் நாய் உறுமுவது, “என் சாப்பாடு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது, தள்ளி நில்” என்று சொல்வதற்காக. நீங்கள் தட்டைப் பிடுங்கினால் அந்தப் பயம் நிஜமாகிறது. உறுமியதற்கு அடித்தால் பயம் அப்படியே இருக்கும், உறுமல் மட்டும் நின்றுவிடும். எச்சரிக்காமல் கடிக்கும் நாய்கள் பல இப்படித்தான் உருவாகின்றன.

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி பல், காது, வயிறு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வலி இருந்தால் எந்தப் பயிற்சியும் ஏறாது. பிறகு இப்படிச் செய்யுங்கள். வேகவைத்த கோழி ஈரலோ நெஞ்சுக்கறியோ, உப்பும் மசாலாவும் இல்லாமல், பட்டாணி அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்குப் பத்துத் துண்டு போதும். நாய் சாப்பிடும்போது, அதன் உடம்பு விறைக்காத தூரத்தில் நில்லுங்கள். பெரும்பாலும் ஆறு முதல் எட்டு அடி வரும். ஒரு துண்டைத் தட்டுக்குப் பக்கத்தில் எறிந்துவிட்டுத் திரும்பி நடந்துவிடுங்கள். நின்று வேடிக்கை பார்க்க வேண்டாம், ஏனென்றால் நீங்கள் விலகிப் போவதும் அதற்குக் கிடைக்கும் பரிசில் பாதி. உங்களைக் கண்டதும் வால் தளர்ந்து ஆடி, ‘என்ன கொண்டுவந்தாய்’ என்று முகத்தைத் தூக்கினால் மறுநாள் அரை அடி நெருங்கலாம். தட்டுக்குள்ளேயே துண்டைப் போடும் அளவுக்கு நெருங்கச் சில வாரங்கள் ஆகும். அதற்குப் பிறகுதான் தட்டைத் தொடுவது, பிறகு தூக்கி இன்னும் நல்லதாக ஏதாவது போட்டு உடனே திருப்பி வைப்பது.

பலரும் சறுக்குவது மூன்றாம் நாளில். உறுமவில்லை என்றதும் ஒரே தாவலாகக் கையைத் தட்டில் விடுவார்கள். உறுமலுக்கு முன்பே வரும் அடையாளங்கள் உண்டு: வேகவேகமாக விழுங்குவது, வாய் தட்டில் இருக்க உடம்பு ஒரு கணம் உறைவது, தலையைத் திருப்பாமல் கடைக்கண்ணால் பார்ப்பதில் விழிவெள்ளை தெரிவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பழைய தூரத்துக்குப் போய்விடுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக முதல் தூரத்திலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் அப்பா மேல் வந்த நம்பிக்கை அம்மா மேல் தானாக வராது. குழந்தைகளை இதில் சேர்க்கவே கூடாது. ஏற்கெனவே கடித்திருந்தால் தனி அறையில் கதவைச் சாத்திச் சாப்பாடு வையுங்கள், மருத்துவர் துணையில்லாமல் தொடங்காதீர்கள்.

கேள்வி: தெருவிலிருந்து நாலு மாதக் குட்டி ஒன்றை எடுத்துவந்து ஒரு வாரம் ஆகிறது. கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. கழுத்து பெல்ட்டைக் கண்டாலே ஓடுகிறது. மூன்றாவது மாடி ஃபிளாட். எப்படிப் பழக்குவது? – வாசகி, சென்னை

கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்காதீர்கள். அது ஒன்றுதான் அதற்கு இப்போது இருக்கும் பத்திரமான இடம். குட்டிகள் மனிதரையும் புதுச் சத்தங்களையும் எளிதாக ஏற்கும் காலம் ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரை. உங்கள் குட்டிக்கு அது கடந்துவிட்டதால் நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

குளிப்பாட்டுவது, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டுவது எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். ஐந்தாறு அடி தள்ளி, பக்கவாட்டாகத் தரையில் உட்காருங்கள். கண்ணோடு கண் பார்க்காதீர்கள். நாயும் வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும்போது இருவர் உடலிலும் பாசத்தோடு தொடர்புள்ள ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். ஆனால் அது ஏற்கெனவே பாசம் விழுந்த ஜோடிக்கு. உங்களை அறியாத குட்டிக்கு உற்றுப் பார்வை என்பது மிரட்டல்.

தீனியை உங்கள் பக்கம் போட்டு ஆசை காட்ட வேண்டாம். அதற்குப் பின்புறமாக எறியுங்கள். பசியில் பக்கத்தில் வந்துவிட்டு, வந்த பிறகு பயந்து நடுங்கும் நிலை இப்படிச் செய்தால் வராது. தின்ன விலகிப் போகும், அடுத்த துண்டுக்குத் தானாகத் திரும்பும். திரும்பும் தூரம் நாளுக்கு நாள் குறையும். கையை முகர வந்தால் தலைக்கு மேலே கை கொண்டுபோகாமல் மார்பிலோ தாடைக்குக் கீழோ மூன்று நொடி தடவிவிட்டு நிறுத்துங்கள். ஒட்டி வந்தால் தொடரலாம். ஒதுங்கினால் இன்றைக்கு அவ்வளவுதான்.

பெல்ட்டைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் சும்மா போட்டு வையுங்கள். இரண்டு நாள் கழித்து அதை வளையமாகப் பிடித்து, வளையத்துக்கு அந்தப் பக்கம் துண்டை நீட்டுங்கள், தலையை அதுவே விடட்டும். மாட்டினால் ஐந்து நொடியில் கழற்றிவிடுங்கள். செயின் இழுபடும் பயம் அதற்குப் பிறகு வரும் பாடம். படிக்கட்டுக்குப் பயந்தால் முதலில் தூக்கிக்கொண்டு போங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும், மற்ற நேரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறையும் கீழே கொண்டுபோனால் வீட்டுக்குள் மூச்சா போவது குறையும். வீட்டுக்குள் போய்விட்டால் முகத்தை அதில் தேய்க்கும் வழக்கம் இன்னும் நம் ஊரில் இருக்கிறது. அதிலிருந்து குட்டி கற்பது, உங்கள் முன்னால் போகக்கூடாது, சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போக வேண்டும் என்பதுதான். தடுப்பூசி தொடங்கியாகவில்லை என்றால் ரேபிஸ் ஊசியையும் சேர்த்து மருத்துவரிடம் கேளுங்கள். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்திலிருந்தே போடலாம்.

கேள்வி: ஒன்றரை வயதுச் சிப்பிப்பாறை. ஆட்டையோ முயலையோ கண்டால் எவ்வளவு கத்தினாலும் வராது. அரை மணி கழித்து வரும், வந்ததும் இரண்டு போடுவேன். இன்னும் திருந்தவில்லை. – வாசகர், கோவில்பட்டி

அடி எதற்கு விழுந்தது என்று அதன் பக்கத்திலிருந்து பாருங்கள். ஓடியது அரை மணிக்கு முன்பு, கடைசியாகச் செய்தது உங்களிடம் வந்தது. பரிசையோ தண்டனையையோ, அதற்கு ஓரிரு நொடி முன்பு தான் செய்ததோடுதான் நாய் முடிச்சுப் போடும். வருவதற்குத்தான் அடி வாங்குகிறது.

பழைய கூப்பாடு கெட்டுவிட்டது, அதை விட்டுவிடுங்கள். புதிதாக ஒரு விசில் வாங்குங்கள். ஒரு வாரம் வீட்டுக்குள் மட்டும், விசில் ஊதிய மறுநொடியே நல்ல கறித்துண்டு, நாளுக்குப் பத்து முறை. அடுத்து மொட்டை மாடி. அதற்கு அடுத்து ஆடு இல்லாத வெட்டவெளியில், பத்து மீட்டர் பருத்திக் கயிற்றோடு. கயிற்றைக் கழுத்தில் கட்டாதீர்கள். இந்த இனத்தின் ஓட்டத்தில் கயிறு தீரும் இடத்தில் விழும் இழுப்பு கழுத்தை முறித்துவிடும். மார்பைச் சுற்றி மாட்டும், முதுகில் கொக்கி உள்ள ஹார்னஸ் வேண்டும், உங்கள் கைக்கு உறையும் வேண்டும். சாதாரண பெல்ட்டில் இன்னொரு தொல்லை, சிப்பிப்பாறைக்குத் தலை ஒல்லி என்பதால் பின்னால் நகர்ந்தாலே உருவிக்கொள்ளும்.

பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை துண்டைக் கொடுத்துவிட்டுத் திரும்ப விளையாட விடுங்கள். கூப்பிட்டதும் செயினை மாட்டி வீட்டுக்கு இழுத்துப்போனால், விசில் என்றால் ஆட்டம் முடிந்தது என்று கணக்குப் போட்டுவிடும். வராது என்று தெரிந்த நேரத்தில் ஊதவே ஊதாதீர்கள்.

இவ்வளவு செய்தாலும், கண்ணெதிரே முயல் பாய்ந்தால் திரும்பி வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. தலைமுறை தலைமுறையாக விரட்டுவதற்கென்றே வளர்த்த இனம் இது. ஆடு மேயும் பக்கம் அவிழ்த்துவிடாமல் இருப்பது உங்கள் பொறுப்பு, சுற்றுவேலி ஆறடியாவது இருக்கட்டும்.

கேள்வி: மூன்று மாத ராஜபாளையம் குட்டி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பிடிவாதக் குணமா? – வாசகர், விருதுநகர்

பிடிவாதம் என்று முடிவு கட்டும் முன் காதைச் சோதியுங்கள். ராஜபாளையத்துக்கு உள்ளது போன்ற வெள்ளை ரோமத்துக்கும் பிறவிச் செவிட்டுக்கும் தொடர்பு உண்டு. உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாமல் போனால் கேட்கும் செல்கள் பிறந்த சில வாரங்களில் அழிந்துவிடும். குட்டி தூங்கும்போது, தரை அதிராமல், காற்று படாமல், பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டும் தவறான திசையில் தேடினால் ஒரு காது மட்டும் கேட்கலாம். உறுதியாகத் தெரிய மருத்துவரிடம் கேளுங்கள்.

கேட்காது என்றால் கை சைகையில் பழக்கலாம், அது அருமையாகக் கற்கும். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதும் துண்டு, அதுதான் ‘சபாஷ்’. எழுப்பும்போது முதுகில் தட்டாமல் மூக்குக்கு முன் கையை நீட்டுங்கள், வாசனையில் எழட்டும். வெளியில் செயின் இல்லாமல் விடாதீர்கள். காது நன்றாக இருந்தால், தாத்தா ஒரு பெயர், பேரன் ஒரு பெயர் என்று கூப்பிடுகிறீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: செருப்பைக் கடித்துவிட்டு, நாங்கள் வந்ததும் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. தப்பு என்று தெரிந்தே செய்கிறதுதானே? – வாசகி, திருச்சி

இல்லை. நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களை வைத்துச் சோதித்து 2009இல் எழுதினார். தப்பே செய்யாத நாயும், திட்டு வாங்கினால் அதே முகத்தைக் காட்டியது. அது உங்கள் முகத்தைப் பார்த்து வரும் பயம். செருப்பை உயரத்தில் வையுங்கள், கிளம்பும் முன் இருபது நிமிடம் முகர்ந்து முகர்ந்து நடக்க விடுங்கள், உள்ளே பள்ளமுள்ள கெட்டி ரப்பர் பொம்மையில் தயிர்ச்சோற்றை அடைத்து உறையவைத்துக் கொடுங்கள். சமைத்த எலும்பு வேண்டாம், அது சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

கேள்வி: ஐந்து வயது மகன் நாயைக் கட்டிப்பிடிக்கிறான். அது கொட்டாவி விட்டு உதட்டை நக்குகிறது. பிடித்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? – வாசகர், ஈரோடு

பிடிக்கவில்லை, ஆனால் பொறுத்துக்கொள்கிறது. முகத்தைத் திருப்புவதும் அதே பேச்சுதான். கட்டிப்பிடிக்காமல், நாய் தானாக வந்தால் மட்டும் மார்பில் தடவச் சொல்லுங்கள். தூங்கும் இடத்துக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் பையன் போகக்கூடாது. நீங்கள் இல்லாத அறையில் இருவரையும் விடாதீர்கள். பல் பட்டுவிட்டால், ஊசி போட்ட வீட்டு நாயாகவே இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: ஆயுசுக்கும் கையில் கறித்துண்டோடு அலைய வேண்டுமா? – வாசகர், கடலூர்

வேண்டாம். ஒரு பாடம் பத்துக்கு ஒன்பது முறை சரியாக வந்த பிறகு, இரண்டுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று குறைத்து, எப்போது வரும் என்று தெரியாதபடி கொடுங்கள். நடுவில் பரிசாகக் கயிறு இழுக்கும் விளையாட்டு, கேட்டைத் திறந்துவிடுவது, அது முகர விரும்பும் மரத்தடிக்கு அழைத்துப்போவது எல்லாம் செல்லும். ஒரேயடியாக நிறுத்தினால் பாடமும் நின்றுவிடும். கொடுக்கும் தீனி, நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் எடை ஏறும், அந்த அளவுக்குச் சோற்றைக் குறையுங்கள். கறி தீர்ந்துபோனால் வேகவைத்த கேரட் போதும். சாக்லேட், வெங்காயம், உலர்திராட்சை மூன்றும் நாய்க்கு விஷம் என்பதால், பாயசக் கிண்ணத்தை வழித்து ஊட்டும் பாட்டியிடமும் சொல்லி வையுங்கள்.