சோக்கைக் கழற்றலாமா? எல்இடி டியூப் கேள்வி பதில்

கட்டிடப் பராமரிப்பில் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பழைய டியூப்லைட் ஃபிட்டிங்கில் எல்இடி டியூப் போடுவது பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்வதெல்லாம் 220–240 வோல்ட் சப்ளைக்கு. சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏணி ஏறுகிறவர்கள் முதலில் இறங்கி வாருங்கள். மெயினை அணைத்துவிட்டு மேலே படியுங்கள்.

பழைய டியூப்பைக் கழற்றிவிட்டு எல்இடி டியூப்பை அப்படியே மாட்டினால் எரியுமா?

உங்கள் கையில் இருக்கும் டியூப் எந்த வகை என்பதைப் பொறுத்தது. சோக்கையும் (டியூப்பில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வயரிங்கையும் தொடாமல், ஸ்டார்ட்டரை மட்டும் மாற்றிப் போடுகிற டியூப் ஒன்று. சோக்கை விலக்கி நேராக சப்ளை கொடுக்க வேண்டிய டியூப் இன்னொன்று. டிரைவர், அதாவது சப்ளையை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சர்க்யூட், தனியாக வெளியே இருக்கும் டியூப் மூன்றாவது. அது வீடுகளில் அதிகம் தென்படாது. மூன்றும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். டியூப்பின் நுனியில் பொடி எழுத்தில் ஒரு வயரிங் படம் அச்சிட்டிருக்கும். அதைப் படிக்காமல் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

டியூப்போடு ஒரு ஸ்டார்ட்டரும் வந்தது. பழைய ஸ்டார்ட்டரே நன்றாக இருக்கிறதே, மாற்றத்தான் வேண்டுமா?

மாற்றியே ஆக வேண்டும். அது ஸ்டார்ட்டர் வேடம் போட்ட ஃபியூஸ். உள்ளே வேறு எதுவும் இல்லை.

ஏன் என்று புரிய, பழைய ஃபிட்டிங்கில் கரண்ட் போகும் பாதையை விரலால் தொடர்ந்து பாருங்கள். ஃபேஸ் சோக்குக்குள் போய், டியூப்பின் ஒரு முனையில் உள்ள ஒரு பின்னுக்கு வருகிறது. அதே முனையின் இன்னொரு பின்னிலிருந்து ஸ்டார்ட்டருக்கு ஒரு வயர். ஸ்டார்ட்டரிலிருந்து எதிர்முனையின் ஒரு பின்னுக்கு. அங்கே மிச்சமிருக்கும் பின் நியூட்ரலுக்கு. இப்போது எல்இடி டியூப்: இந்த வகையில் பெரும்பாலானவற்றில் வேலை செய்யும் சர்க்யூட் ஒரு முனையில் மட்டும் இருக்கும். மறுமுனையின் இரண்டு பின்களும் உள்ளே ஒன்றாக இணைந்திருக்கும். ஸ்டார்ட்டர் இருக்கும் இடத்தில் ஃபியூஸை வைத்தால் பாதை முழுமையாகிறது. ஃபேஸும் நியூட்ரலும் வேலை செய்யும் முனைக்கே வந்து சேர்கின்றன. அதனால்தான் இந்த ஃபிட்டிங்கில் டியூப்பை எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் எரிகிறது.

பழைய ஸ்டார்ட்டரை விட்டுவைத்தால் விட்டு விட்டு மினுங்கும், அல்லது எரியவே எரியாது. தலைகீழ்த் தவறும் நடக்கும். ஃபியூஸ் ஸ்டார்ட்டர் இருக்கும் இடத்தில் யாராவது பழைய ஃபுளோரசன்ட் டியூப்பை மாட்டினால் இரண்டு முனையும் சிவந்து நிற்கும், டியூப் பிடிக்காது, சோக் சுடும். ஆகவே கழற்றிய ஸ்டார்ட்டரைப் புதுசோடு கலந்து ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

எனக்கு நேரடி சப்ளை டியூப். சோக், ஸ்டார்ட்டர் எல்லாம் எடுத்துவிட்டேன். எந்த வயரை எந்தப் பக்கம் கொடுக்க வேண்டும்?

இங்கேதான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். இதிலும் இரண்டு ஜாதி. ஒன்றில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் ஒரே முனையில். இன்னொன்றில் ஒரு முனையில் ஃபேஸ், மறுமுனையில் நியூட்ரல். படம் அழிந்திருந்தால் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஒவ்வொரு முனையின் இரண்டு பின்களையும் தொட்டுப் பாருங்கள். இரண்டு முனையிலும் பூஜ்யம் காட்டினால் இருபக்க டியூப். ஒரு முனையில் மட்டும் பூஜ்யம் என்றால் அது வேலையில்லாத முனை. இரண்டிலும் பூஜ்யம் வராவிட்டால் ஊகிக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

ஒருபக்க டியூப்புக்காக ஒரே ஹோல்டரில் ஃபேஸும் நியூட்ரலும் கொடுத்துவிட்டீர்கள், டியூப்பைத் திருப்பி மாட்டிவிட்டீர்கள். என்ன ஆகும்? உள்ளே இணைந்திருக்கும் அந்த இரண்டு பின்கள் ஃபேஸையும் நியூட்ரலையும் நேராகச் சேர்த்துவிடும். ஷார்ட். எந்த ஹோல்டரில் சப்ளை இருக்கிறது என்று ஃபிட்டிங்கின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதிவையுங்கள்.

இருபக்க டியூப்பில் வேறு ஆபத்து. ஒரு முனையை ஹோல்டரில் செருகிவிட்டு மறுமுனையைக் கையில் பிடித்திருக்கும் நேரம். எனக்கே நடந்தது. ஓர் அலுவலக வராந்தா, ஏணியின் நாலாவது படி, சுவர் சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. வலது பக்கத்தைச் செருகிவிட்டு இடது பக்கப் பின்களை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு ஹோல்டரைத் தேடினேன். முழங்கை வரை ஒரு உதறல். டியூப் தரையில். நான் ஏணியை விடாமல் பிடித்துக்கொண்டதால் எழுதிக்கொண்டிருக்கிறேன். பிறகு திறந்து பார்த்தால், அந்தச் சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருந்தார் எந்தப் புண்ணியவானோ. சுவிட்ச் அணைந்தாலும் ஃபேஸ் ஃபிட்டிங்கில் காத்துக்கொண்டிருந்தது. சில டியூப்களில் முனையில் பாதுகாப்புச் சுவிட்ச் இருக்கும், எல்லாவற்றிலும் இராது. மெயின், மெயின், மெயின்.

அப்புறம் மூன்று சின்ன வேலைகள். சப்ளைக்குக் குறுக்கே ஒரு கண்டென்சர் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். தொடுவதற்கு முன் அதில் மிச்சமிருக்கும் சார்ஜை இறக்குங்கள். இரும்பு ஃபிட்டிங் என்றால் எர்த் வயர் உண்மையிலேயே தகட்டைப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, “எல்இடி மட்டும், நேரடி சப்ளை” என்று ஒரு ஸ்டிக்கர். நீங்கள் இல்லாத ஒரு நாளில் வேறொருவர் அங்கே ஃபுளோரசன்ட் டியூப்பைச் செருகினால் சோக் இல்லாமல் அதன் கரண்டைக் கட்டுப்படுத்த ஆளில்லை.

சோக்கைக் கழற்ற வேண்டுமா?

மேலே பாருங்கள்.

இரண்டடி டியூப் இரண்டு, சோக் ஒன்றுதான். இதில் எல்இடி போடலாமா?

அப்படியே போடக்கூடாது. அது தொடர் இணைப்பு. ஸ்டார்ட்டரில் எஸ்2 என்று போட்டிருக்கும், தனி டியூப்புக்கு வருவது எஸ்10. சோக்கை விலக்கி ஒவ்வொரு டியூப்புக்கும் தனியாகச் சப்ளை கொடுங்கள். வயரிங் பழக்கம் இல்லையென்றால் ஆளைக் கூப்பிடுங்கள்.

டி5 ஃபிட்டிங்கில் டி8 எல்இடி டியூப் நுழையுமா?

நுழையாது. டி5 16 மி.மீ. தடிமன், பின் இடைவெளி 5 மி.மீ.; டி8 26 மி.மீ., இடைவெளி 13. நீளமும் வேறு.

தம்பி, முப்பது வருடமாக எலக்ட்ரீசியனாக இருக்கிறேன். சோக்கைக் கழற்றாதே என்றுதான் எல்லாரிடமும் சொல்வேன். வோல்டேஜ் ஏறினால் சோக் தாங்கிக்கொள்ளும். நான் நேரடியாகக் கொடுத்த டியூப்கள் ஆறு மாதத்தில் போய்விட்டன. நீங்கள் என்னவென்றால் கழற்றச் சொல்கிறீர்கள்.

அண்ணே, நான் கழற்றச் சொல்லவில்லை. நேரடி டியூப்புக்குக் கழற்று, சோக் டியூப்புக்கு விட்டுவை என்றேன். ஆனால் வோல்டேஜை சோக் தாங்கும் என்பதை ஏற்கமாட்டேன். 36 வாட் டியூப்பில் 0.43 ஆம்பியர் ஓடும். அதற்காகச் சுற்றிய சோக் அது. 18 வாட் எல்இடியில் ஓடுவது 0.1 ஆம்பியருக்கும் குறைவு. அவ்வளவு சின்னக் கரண்டில் சோக்கில் இறங்கும் வோல்டேஜ் சொற்பம். சப்ளை 270 வந்தால் டியூப்புக்கும் ஏறக்குறைய அதுதான். கண்சிமிட்டும் நேரத்தில் வந்துபோகும் திடீர் ஏற்றத்தை வேண்டுமானால் சோக் கொஞ்சம் மழுக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் சோக் கரண்ட் தின்கிறது, கழற்று என்று சொல்கிறார்களே, அதுவும் பொய்தானே?

பாதிக்கு மேல் பொய்தான் அண்ணே. பழைய டியூப்போடு சோக் எட்டு, ஒன்பது வாட் தின்னும். எல்இடியோடு அரை வாட்கூடத் தேறாது. அதற்காக மட்டும் கழற்றுவது வீண் வேலை.

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இருவரும் எலெக்ட்ரானிக் சோக்கை மறந்துவிட்டீர்களே?

நல்ல வேளை ஞாபகப்படுத்தினீர்கள். மேலே சொன்னதெல்லாம் கனமான இரும்பு சோக்குக்கு. ஸ்டார்ட்டரே இல்லாமல், மினுக்காமல் எரிந்த ஃபிட்டிங் என்றால் உள்ளே எலெக்ட்ரானிக் சோக். அது டியூப்புக்குத் தருவது 50 ஹெர்ட்ஸ் அல்ல, பல்லாயிரம் ஹெர்ட்ஸ். இரும்பு சோக்குக்கான எல்இடி டியூப்பை அதில் மாட்டினால் டியூப் போகும், சில நேரம் இரண்டுமே போகும். அந்த சோக் மாடல் டியூப் கம்பெனியின் பொருத்தப் பட்டியலில் இருந்தால் மாட்டலாம். இல்லையென்றால் விலக்கிவிடுங்கள்.

தம்பி, அதெல்லாம் சரி. என் டியூப்கள் ஆறு மாதத்தில் ஏன் போயின? அதற்குப் பதில் சொல்லவில்லையே. சோக்கோடு விட்டவை இன்னும் எரிகின்றன.

அண்ணே, போனவை எங்கே இருந்தன, இருப்பவை எங்கே இருக்கின்றன?

போனவை வண்டி நிறுத்துமிடத்தில். தண்ணீர் புகாத மூடிய ஃபிட்டிங், தகரக் கூரைக்கு நேர் கீழே. மற்றவை அறைக்குள், திறந்த ஃபிட்டிங்.

கூரையும் மூடியும் சேர்ந்துதான் கொன்றிருக்கின்றன. எல்இடி டியூப்பில் முதலில் சாவது பெரும்பாலும் டிரைவரில் இருக்கும் எலெக்ட்ரோலிடிக் கண்டென்சர். பத்து டிகிரி சூடு ஏறினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் தோராயக் கணக்கு. மூடிய பெட்டிக்குள், தகரத்துக்குக் கீழே, நாள் முழுக்க வெந்திருக்கிறது. அங்கே சோக்கை விட்டிருந்தாலும் இதே கதைதான்; சோக்கின் சூடும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். அதிக வெப்பநிலைக்கு என்று குறிப்பிட்ட டியூப்பைப் போடுங்கள், முடிந்தால் ஃபிட்டிங்கைக் கூரையிலிருந்து ஒரு சாண் கீழே இறக்குங்கள். ஒன்றை மட்டும் இறக்கிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

சோக் இருக்கலாமா, எடுக்கணுமா? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்.

படம்.

சுவிட்சை அணைத்த பிறகும் டியூப் மங்கலாக மினுங்குகிறது. டியூப் கெட்டதா?

டியூப்பைத் திட்டாதீர்கள். சுவிட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியாகக் கசியும் துளிக் கரண்ட் போதும். இண்டிகேட்டர் இல்லையென்றால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆள் வைத்துப் பாருங்கள். என்னை ஏணியில் உதறியது அதுதான்.

வெளிச்சம் குறைந்துவிட்டதே?

நல்ல 36 வாட் டி8 டியூப் 3,300 லூமன் அளவுக்குத் தரும், ஆனால் சுற்றிலும் இறைக்கும். 18 வாட் எல்இடி 2,000 அளவில்தான் தரும், அதைப் பெரும்பாலும் கீழேயே கொட்டும். மேசைக்குப் போதும். கூரையும் சுவரின் மேல்பகுதியும் இருண்டு தெரியும். வாட்டைப் பார்க்காமல் லூமனைப் பார்த்து வாங்குங்கள்.

எவ்வளவு மிச்சமாகும்?

சோக்கோடு சேர்த்து 45 வாட் இருந்தது 18 ஆனால், தினம் 8 மணி நேரத்துக்கு வருடம் 79 யூனிட்.

கழற்றிய பழைய டியூப்களை உடைத்துக் குப்பையில் போடலாமா?

உடைக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. இதனால்தான் 2027க்குள் நீள ஃபுளோரசன்ட் டியூப்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் முடித்துக்கொள்வது என்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023ல் முடிவெடுத்தன. புது டியூப் வந்த அட்டைப்பெட்டியிலேயே பழையதை வைத்து மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். கை தவறி உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லாரும் பத்து நிமிடமாவது வெளியே இருங்கள். துடைப்பமும் வேக்குவமும் வேண்டாம். கெட்டி அட்டையால் வாரி, மிச்சத்தை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, மூடி போட்ட டப்பாவில் போடுங்கள்.

டிம்மர் வைத்த லைனில்?

பெட்டியில் டிம்மருக்கு ஏற்றது என்று எழுதியிருந்தால் ஒழிய, வேண்டாம்.

பேட்டரி உள்ள எமர்ஜென்சி ஃபிட்டிங்கில்?

அது உயிர் காக்கும் விளக்கு. அதைப் பராமரிப்பவரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

இப்போதுதான் மாட்டினேன். நேரடி சப்ளை, ஒரே ஹோல்டரில் இரண்டு வயரும். மெயினைப் போட்டதும் எம்சிபி (ஷார்ட் ஆனால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்துவிட்டது. திரும்ப ஏற்றிப் பார்க்கலாமா?

ஏற்றாதீர்கள். டியூப்பைக் கழற்றுங்கள். சப்ளை வரும் ஹோல்டரில் எந்த முனையைச் செருகினீர்கள்? எல், என் என்று எழுதியிருக்கும் முனையா?

எழுத்து எதையும் பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறேன்… எழுத்து அந்தக் கோடியில் இருக்கிறது.

அதுதான். ஹோல்டர் கருகியிருக்கிறதா பாருங்கள். கருகியிருந்தால் இரண்டு ஹோல்டரையும் மாற்றுங்கள். பழைய பிளாஸ்டிக் எப்படியும் விரல் பட்டால் நொறுங்கும். மாட்டும் முன் மீட்டரை வைத்து எந்த முனையில் பூஜ்யம் என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் வேறு டியூப் போடுங்கள். சரியாக மாட்டிய பிறகும் எம்சிபி விழுந்தால் மறுபடி ஏற்றாமல் ஆளைக் கூப்பிடுங்கள். அந்த மார்க்கர் பேனாவை வாங்கிவிட்டீர்களா?