கேளுங்கள், சொல்கிறேன்: துருக்கிக் கடற்கரையில் எங்கே சாப்பிடுவது?

போன முறை துருக்கிச் சாப்பாட்டைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளே இந்தப் பக்கத்தை நிறைத்துவிட்டன.

ஐயா, செப்டம்பரில் நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் அந்தால்யா, ஃபெத்தியே, பொத்ரும் என்று மூன்று ஊருக்குப் போகிறோம். போய்வந்த மச்சான், ‘கடற்கரைக் கடையெல்லாம் பர்கரும் பீட்சாவும்தான், துருக்கிச் சாப்பாட்டைக் கண்ணாலும் காணவில்லை’ என்கிறார். உண்மையா?
— வாசகி, மருதமுனை

மச்சான் பொய் சொல்லவில்லை, தங்கச்சி. அவர் நின்ற இடம்தான் பிழை. அறுகம்பைக்கு வருகிற வெள்ளைக்காரர் ஒருவர் மூன்று நாளும் கடற்கரை ஓரமாகவே நடந்து, பேன்கேக்கும் பாஸ்தாவும் சாப்பிட்டுவிட்டு, இலங்கைச் சாப்பாடு இவ்வளவுதானா என்று கேட்டால் நமக்குச் சிரிப்பு வராதா? மத்தியானம் பொத்துவில் டவுனுக்குள் வந்திருந்தால் சோறும் மீன்கறியும் தின்று வேர்த்து வழிந்துகொண்டு போயிருப்பார். அங்கேயும் அதே கதைதான். படகுத்துறையைப் பார்த்த மேசை, ஐந்து மொழியில் படம் போட்ட மெனு, வாசலில் நின்று கூப்பிடுகிற பையன், இந்த மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் நடையைக் கட்டுங்கள். கடலுக்கு முதுகைக் காட்டி இரண்டு மூன்று தெரு உள்ளே போய், தையல்காரரும் இரும்புக்கடைக்காரரும் இருக்கிற பசார் பக்கம் தேடுங்கள்.

தேட வேண்டிய பெயர் லொக்கந்தா, அதாவது சாதாரணச் சாப்பாட்டுக்கடை. அதிலும் ‘எஸ்னாஃப் லொக்கந்தாஸி’ என்றால் கடைக்காரரும் தொழிலாளரும் மத்தியானம் சாப்பிடுகிற இடம். காலையிலேயே சமைத்த சட்டிகளைக் கண்ணாடிக்குப் பின்னால் ஆவி பறக்க வைத்திருப்பார்கள். மொழி தெரியாவிட்டால் பரவாயில்லை, விரலை நீட்டி ‘பு’ என்றால் போதும், ‘இது’ என்று அர்த்தம். வெள்ளை அவரைக்கொட்டையைத் தக்காளியில் வேகவைத்த குரு ஃபசுலியே, அதற்குப் பக்கத்தில் பிலாவ் சோறு, கத்தரிக்காயைப் பிளந்து கீமா அடைத்த கர்னியாரிக், வெண்டிக்காய்க் கறி. பாண் கேட்காமலே வரும், முடிந்தால் மறுபடியும் வரும். ஆனால் பன்னிரண்டு, ஒரு மணிக்கே போய்விட வேண்டும். சட்டி காலியானால் கடையும் முடிந்தது. இரவு எட்டு மணிக்குப் போய்க் கதவைத் தட்டிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

அந்தால்யாவில் கொஃப்தே என்கிற இறைச்சி உருண்டையும் பியாஸும் சாப்பிடாமல் வரவேண்டாம். பியாஸ் என்பது வெள்ளை அவரைக்கொட்டைச் சலாது. துருக்கி முழுக்க உண்டு, ஆனால் அந்தால்யாக்காரர் மட்டும் அதன் மேல் எள்ளு அரைத்த விழுதை எலுமிச்சம்புளியோடும் உள்ளியோடும் கலந்து ஊற்றுவார்கள். பொத்ருமில் சோகெர்த்மே கெபாப் கேளுங்கள். நூல் மாதிரிச் சீவிப் பொரித்த உருளைக்கிழங்கு, அதன்மேல் உள்ளி போட்ட தயிர், அதன்மேல் வதக்கிய இறைச்சி. பிள்ளைகள் உருளைக்கிழங்கை முடித்துவிட்டு மீதியை உங்களிடம் தள்ளுவார்கள், அது வேறு விஷயம்.

ஃபெத்தியேயில் கட்டாயம் மீன் சந்தைக்குப் போங்கள். டவுனுக்கு நடுவில்தான். மீன்காரர்கள் நடுவே இருப்பார்கள், சுற்றிவரச் சாப்பாட்டுக்கடைகள். நீங்களே மீனைப் பார்த்து, செவுளைத் தூக்கிப் பார்த்து (நமக்குச் சொல்லித்தர வேண்டுமா?), விலை பேசி வாங்கி, பிடித்த கடையில் கொடுத்தால் சுட்டோ பொரித்தோ தருவார்கள், அதற்குத் தனிக் கூலி. செப்டம்பரில் போவது நல்லது, ஏனென்றால் அங்கே கோடையில் பெரிய வலைகளுக்குத் தடை, செப்டம்பரில்தான் மறுபடி கடலுக்கு இறங்குவார்கள். ஆனாலும் மேசைக்கு வருகிற சிப்புராவும் லெவ்ரெக்கும் பெரும்பாலும் பண்ணை மீன்தான். ‘தெனிஸ்’ என்றால் கடல், ‘சிஃப்ட்லிக்’ என்றால் பண்ணை. கேட்டுவிட்டு வாங்குங்கள்.

விலையையும் முன்னமே கேளுங்கள், ‘நெ கதார்?’ என்று. நான் ஒருமுறை ஒரு துறைமுகத்தோரக் கடையில், பெயர் வேண்டாம், ஐஸ் மேல் கிடந்த ஒரு மீனைக் காட்டிச் சுடச்சொல்லிவிட்டு ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தேன். மெனுவில் இருந்தது நூறு கிராமுக்கான விலை, முழு மீனுக்கு அல்ல. பில்லைப் பார்த்ததும் மீன் முள் தொண்டையில் குத்திய மாதிரி இருந்தது, உண்மையில் முள் ஒன்றும் இல்லை.

அண்ணன், முஸ்லிம் நாடு என்பதால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாமா? அங்கே தெருவில் சோறு அடைத்த சிப்பி விற்கிறார்களாமே, அது நமக்கு ஆகுமா?
— வாசகர், காத்தான்குடி

ஊருக்குள் இருக்கிற லொக்கந்தாவிலும் கெபாப் கடையிலும் இறைச்சி பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை தம்பி, பன்றி என்ற பேச்சே இராது. வெளிநாட்டுக்காரருக்கென்றே நடத்துகிற பெரிய கடற்கரை ஹோட்டல்களில் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மது வேறு கதை. மீன் கடைகளில் ரக்கி என்கிற சோம்புச் சாராயம் மேசைக்கு மேசை இருக்கும், மெய்ஹானே என்று பெயர் போட்ட இடம் அதற்கென்றே இருப்பது. குடும்பத்தோடு போனால் ‘இச்கிசிஸ்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், மது இல்லாத கடை என்று பொருள்.

சிப்பிக்குப் பெயர் மிதியே டோல்மா. மசாலாச் சோறு அடைத்து, மேலே எலுமிச்சை பிழிந்து, நின்றபடி ஒவ்வொன்றாகத் தின்பது. இஸ்மிரில் இது பெரிய பைத்தியம். துருக்கியர் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு), அதில் கடலில் மீன் மட்டும்தான் கூடும், அதனால் அங்கேயே பேணுதலானவர்கள் சிப்பியைத் தொடுவதில்லை. நம் ஊர் முஸ்லிம்கள் ஷாஃபி, அங்கே கடல் உயிர்களுக்கு இவ்வளவு தடை இல்லை. தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை, உங்கள் மௌலவியைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், கொளுத்துகிற வெயிலில் சனம் இல்லாத தட்டில் சிப்பி வாங்காதீர்கள்.

அப்புறம், பில்லுக்கு அங்கே ‘ஹெசாப்’ என்பார்கள். ஹிஸாப் (கணக்கு) தெரிந்த ஊர்க்காரருக்கு அது மறக்காது.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் இல்லை. பட்டினிதானா?
— வாசகி, கல்லடி

நேர்மாறு. மேற்குக் கரையில், அதாவது ஏஜியன் கடல் பக்கம், அய்வாலிக், உர்லா, அலச்சாத்தி போன்ற ஊர்களுக்குப் போனால் சைவக்காரருக்கு யோகம். அங்கே ‘ஸெய்தின்யாலி’ என்று ஒரு தனி வகை. மரக்கறியை ஒலிவ் எண்ணெயில் மெதுவாக வேகவைத்து, ஆறவைத்துப் பரிமாறுவது. போஞ்சி, லீக்ஸ், கத்தரிக்காயில் இமாம் பயில்டி, திராட்சை இலையில் சோறு சுருட்டிய சர்மா. உர்லா பக்கம் கூனைப்பூ. அய்வாலிக்கைச் சுற்றி ஒலிவ் தோப்புகள்தான். 1923இல் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே மக்களை மாற்றிக்கொண்டபோது கிரீட் தீவிலிருந்து வந்தவர்களும் அய்வாலிக்கில் குடியேறினார்கள், காட்டுக்கீரை சமைக்கிற பழக்கத்தை அவர்களும் கூடவே கொண்டுவந்தார்கள். இடம்பெயர்ந்தவர் கை எதை விட்டாலும் சமையலை விடாது, அது நமக்கும் தெரிந்ததுதானே.

ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே இலைச்சுருட்டு குளிராக, எண்ணெயோடு வந்தால் பெரும்பாலும் இறைச்சி இராது, சூடாகத் தயிரோடு வந்தால் உள்ளே கீமா. பருப்பு சூப் பார்க்க அப்பாவியாக இருக்கும், ஆனால் எலும்பு வேகவைத்த தண்ணீரில் செய்கிறவர்கள் உண்டு. பிலாவும் அப்படித்தான். ‘எத் சுயு வார் மி?’ என்று கேளுங்கள், இறைச்சித் தண்ணீர் சேர்த்ததா என்று அர்த்தம். கடைகளில் விற்கிற சீ கொஃப்தே (‘பச்சை கொஃப்தே’ என்று அர்த்தம்) பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், இறைச்சி இல்லாத கோதுமை உருண்டை அது. உறைப்பு நம் நாக்குக்குப் போதாது, மேசையிலுள்ள மிளகாய்த்தூளைத் தாராளமாகப் போடலாம்.

மகன் திராப்சோனில் படிக்கிறான். டிசம்பரில் பார்க்கப் போகிறேன். குளிராம். அங்கே என்ன சாப்பிடுவது?
— வாசகர், அக்கரைப்பற்று

அது கருங்கடல் கரை, மத்தியதரைக் கடல், ஏஜியன் கடல் பக்கம் மாதிரி இல்லை. நீங்கள் போகிற நேரம் ஹம்ஸி காலம். நம்முடைய நெத்தலிக்குச் சொந்தக்காரன்தான். சோளமாவில் புரட்டி, வட்டச் சட்டியில் பூப்போல அடுக்கி, ஒரேயடியாகத் திருப்பிப் போட்டுப் பொரிப்பார்கள். முள்ளோடு தின்னலாம். காலையில் குய்மாக், சோளமாவும் வெண்ணெயும் சீஸும் சேர்ந்து கரண்டியோடு நூலாக இழுபடும். பக்கத்துக் கரையோர ஊரான அக்சாபாத்தின் கொஃப்தேக்கு நாடு முழுக்கப் பெயர். மலைப்பாதையில் ஹம்ஸிகொய் என்று ஓர் ஊர். பெயரில் நெத்தலி, ஆனால் அங்கே போவது சுட்லாச் என்ற பால்சோற்றுக்காக. மகனையே கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள், மாணவர் சாப்பிடுகிற கடைகள் அவனுக்குத்தான் தெரியும்.

பால் தேத்தண்ணி கிடைக்குமா?
— வாசகர், கல்முனை

கிடைக்காது. சின்னக் கண்ணாடிக் கிளாஸில் பிளேன்டீதான், சீனிக்கட்டி இரண்டு பக்கத்தில். சாயம் கூடவென்றால் ‘தெம்லி’, குறையவென்றால் ‘அசிக்’. பால் கேட்டால் உங்களுக்கு வயிறு சரியில்லையோ என்று பார்ப்பார்கள்.