மறதிநோய் உள்ள அம்மா தன் வீடென்று நினைத்துப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறார், பிளாட் கமிட்டியிடம் என்ன கேட்பது?

கதவுக்கு வேறு நிறம் அடிக்க எழுத்தில் அனுமதி கேளுங்கள், அதுதான் முதல் வேலை. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலுள்ள சாட்ஸ்வொர்த் பிளாட்டுகளில் வரிசையாக எல்லாக் கதவும் ஒரே பழுப்பாக இருந்தால், மறதிநோய் உள்ளவருக்கு எது தன் வீடென்று பிடிபடாது. எண்ணைப் படிக்கத் தடுமாறினாலும் நிறமும் பழகிய பொருளும் கைகொடுக்கும்.

அனுமதி வரும்வரை நிலையில் மாவிலைத் தோரணம் கட்டி, அம்மாவின் இளவயதுப் படத்தை அவர் கண்மட்டத்தில் ஒட்டி ஒரு வாரம் பாருங்கள். அப்புறம், வாசலில் கறுப்பு மிதியடி இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அது பள்ளம்போலத் தெரிந்து, சொந்த வாசலிலேயே கால்வைக்கத் தயங்கலாம். மின்வெட்டிலும் எரியும் பேட்டரி விளக்கைத் தாழ்வாரத்துக்குக் கேளுங்கள்.

யார் சொன்னாலும் வெளியிலிருந்து பூட்டாதீர்கள். தீப்பிடித்தால் அவரால் வெளியேற முடியாது. குழப்பம் இரண்டொரு நாளில் திடீரென்று கூடியிருந்தால் சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம், தாமதிக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.