காப்பகத்திலிருந்து வந்த நாயும் பூனையும்: கேள்வி பதில்

காப்பகத்திலிருந்தோ, தெருவில் மீட்டுப் பராமரித்தவர்களிடமிருந்தோ ஒரு பிராணியைப் பொறுப்பேற்று, அது தம் வீட்டில் மகிழ்ச்சியாக இருக்கிறதா என்று கேட்டு யாழ்ப்பாணத்தின் பல ஊர்களிலிருந்து எழுதியவர்களுக்கான பதில்கள் இவை. நோய் பற்றி நான் சொல்வது கால்நடை வைத்தியரின் பரிசோதனைக்கு ஈடாகாது.

கேள்வி (கொக்குவில்): ஐயா, இரண்டு வயதுப் பெட்டை நாய் ஒன்றைக் காப்பகத்திலிருந்து கொண்டுவந்து நான்கு நாட்களாகின்றன. விறாந்தை மூலையிலேயே படுத்திருக்கிறது. குரைப்பதில்லை, எதையும் கடித்துக் குதறுவதில்லை, நாங்கள் உள்ளே போன பின்புதான் சாப்பிடுகிறது. அயலவர்கள் "நல்ல அடக்கமான நாய்" என்கிறார்கள். அது நிம்மதியாக இருக்கிறது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. அது இன்னும் அஞ்சிக்கொண்டிருக்கிறது. புதிதாக வந்த நாயின் ஒடுக்கத்தை நல்ல குணம் என்று எண்ணிவிடுவதையே நான் அதிகம் காண்கிறேன். காப்பகத்தில் எத்தனை அன்பாகப் பார்த்துக்கொண்டாலும், பல நாய்களின் இடைவிடாத குரைப்பும் இடநெருக்கடியும் சேர்ந்து அழுத்தச் சுரப்பான கோர்ட்டிசோலை அதன் உடலில் உயர்த்தி வைத்திருக்கும்; படலையைத் தாண்டி உங்கள் வளவுக்குள் வந்த கையோடு அது தணிந்துவிடாது. வாலை ஒடுக்குகிறதா, காதைப் பின்னே மடிக்கிறதா, உணவு இல்லாதபோதும் உதட்டை நக்குகிறதா, தூக்கம் இல்லாதபோதும் கொட்டாவி விடுகிறதா, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெண்மை தெரிய ஓரமாகப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். இவை அனைத்தும் அச்சத்தின் அடையாளங்கள்.

அந்த மூலையை அதற்கே விட்டுக்கொடுங்கள். பழைய படுக்கைவிரிப்பு ஒன்றும் தண்ணீர்ச் சட்டி ஒன்றும் அங்கே இருந்தால் போதும். காப்பகத்தில் உண்ட உணவையே ஒரு கிழமை கொடுத்து, பிறகு சிறிது சிறிதாக உங்கள் உணவுக்கு மாற்றுங்கள். நேரம் மட்டும் நாளுக்கு நாள் மாறக் கூடாது. நீங்கள் சற்றுத் தள்ளி, அதற்கு நேரெதிராக இல்லாமல் பக்கவாட்டில் அமர்ந்து பத்திரிகை வாசியுங்கள். அது எழுந்து வந்து உங்களை மணந்து பார்க்கும் வரை கையை நீட்ட வேண்டாம். "எங்கள் புது நாயைப் பாருங்கள்" என்று சுற்றத்தாரை அழைப்பதையும், வந்த அன்றே கிணற்றடிக்கு இழுத்துச் சென்று சவர்க்காரம் போட்டுக் குளிக்க வார்ப்பதையும் தவிருங்கள். நம்மவர்கள் முதலில் செய்வது இந்தக் குளிப்பாட்டலைத்தான். நாய்க்கோ அது, அறியாத மனிதர்கள் பிடித்து அமுக்கித் தண்ணீரை ஊற்றிய முதல் நினைவாகப் பதிந்துவிடுகிறது.

மூன்று நாள், மூன்று கிழமை, மூன்று மாதம் என்று காப்பகங்களில் ஒரு கணக்குச் சொல்வதுண்டு: மூன்று நாளில் திகைப்புத் தணியும், மூன்று கிழமையில் வீட்டின் நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் இது தன் வீடு என்ற எண்ணம் வரும். இது வெறும் மட்டுக்கணக்கே. அடி வாங்கி வளர்ந்த நாய்க்கு ஓர் ஆண்டும் ஆகலாம். நீங்கள் அருகில் இருக்கும்போதே உண்ணுவதும், காலை நீட்டிப் பக்கவாட்டில் சரிந்து ஆழ்ந்து உறங்குவதும், வாலை மட்டுமன்றி இடுப்பையும் சேர்த்து ஆட்டுவதும், முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி விளையாட அழைப்பதும் தோன்றும்போது நிம்மதி என்று சொல்லலாம்.

கேள்வி (அரியாலை): காப்பகத்தில் வைத்த பெயரை மாற்றலாமா?

பதில்: தாராளமாக. புதுப் பெயரை உணவு கொடுக்கும்போது மட்டும் சொல்லிப் பழக்குங்கள், ஏசும்போது சொல்லாதீர்கள்.

கேள்வி (வண்ணார்பண்ணை): எங்களுடையது சைவ வீடு. மச்சம் சமைப்பதில்லை. ஒரு நாயையும் ஒரு பூனைக்குட்டியையும் எடுத்திருக்கிறோம். பாலும் சோறும் பருப்பும் கொடுத்து இரண்டையும் வளர்த்துவிடலாமா?

பதில்: நாயை வளர்க்கலாம், பூனையை வளர்க்க முடியாது. நாயின் உடல் மாச்சத்தைச் செரிக்கும். முட்டை, தயிர், பருப்பு ஆகியவற்றைத் திட்டமிட்டுக் கொடுத்து, இடையிடையே வைத்தியரிடமும் காட்டினால் அது நலமாக இருக்கும். வெறும் பால்சோறு அதற்கும் போதாது. பூனையோ இறைச்சியை உண்டு வாழவே அமைந்த உயிர். டோரின் என்னும் சத்தைத் தன் உடலில் போதிய அளவு ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. அச்சத்து பெரும்பாலும் இறைச்சியிலும் மீனிலுமே உண்டு. அது குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசை தளரும். இதயத் தசை தளர்வதற்கு இக்குறைபாடு காரணமென்பதை 1987 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் நிறுவிய பிறகுதான் கடையில் விற்கும் பூனை உணவுகளில் டோரினைக் கூட்டிச் சேர்க்கத் தொடங்கினார்கள். கரட், பூசணி போன்றவற்றிலுள்ள சத்தை விற்றமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் ஆற்றலும் பூனைக்கு இல்லை.

குசினிக்குள் மீன் வரக் கூடாது என்றால், கடையில் விற்கும் பூனை உணவைத் தனிப் பேணியில் விறாந்தையில் வைத்துக் கொடுங்கள். பல வீடுகளில் பின்வளவில் ஓர் அடுப்பு மூட்டிச் சூடை மீனையோ நெத்தலியையோ உப்புப் புளி இல்லாமல் அவித்துக் கொடுக்கிறார்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கந்தசஷ்டியின் ஆறு நாட்களும் பூனையையும் விரதம் பிடிக்க வைக்கும் வீடுகள் சில எனக்குத் தெரியும். விரதம் நம்முடையது, அதற்கு அதில் வேண்டுதல் ஏதும் இல்லை.

பசுப்பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்கு வயிற்றோட்டத்தைத் தரும். மிச்சச் சொதியும் குழம்பும் ஊற்றிய சோறு இரண்டுக்குமே ஆகாது. வெங்காயமும் உள்ளியும் நாய், பூனைகளின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். வெங்காயம் பெருவாரியாக விளையும் நம் ஊரில் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

கேள்வி (திருநெல்வேலி): வந்த அன்று அலுமாரியின் அடியில் புகுந்த பூனை இரவில்தான் வெளியே வருகிறது. கதவைத் திறந்துவிட்டால் முற்றத்தைக் கண்டு மகிழ்ச்சியடையுமா?

பதில்: திறக்காதீர்கள், ஓட்டுக்கூரையில் ஏறி மறைந்துவிடும், திரும்பி வரும் வழி அதற்கு இன்னும் தெரியாது. ஒரே ஓர் அறையை ஒதுக்கி, உணவை ஒரு மூலையிலும் மணல் தட்டை எதிர் மூலையிலும் வையுங்கள். ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, வாசல் வெட்டிக் கொடுங்கள். ஒளிய இடம் இருக்கும் பூனைதான் விரைவில் வெளியே வரும். இரண்டு மூன்று கிழமைகள் வீட்டுக்குள் இருந்து உங்கள் மணத்தைத் தன் மணமாக ஏற்ற பிறகு, பசியோடு இருக்கும் வேளையில் சிறிது நேரம் வெளியே விட்டு, சாப்பாட்டுக்கு அழைத்துக்கொள்ளலாம். வாலை நிமிர்த்திக்கொண்டு உங்களை நோக்கி நடப்பதும், கண்ணை மெல்ல மூடித் திறப்பதும், மடியில் ஏறி முன்னங்கால்களால் பிசைவதும் நல்ல அறிகுறிகள். நீங்களும் மெல்லக் கண்ணை மூடித் திறந்து காட்டுங்கள். பல பூனைகள் பதிலுக்கு அவ்வாறே செய்யும்.

கேள்வி (சுன்னாகம்): நாயின் காதிலும் விரலிடுக்கிலும் உண்ணிகள் இருக்கின்றன. மண்ணெண்ணெய் பூசலாமா?

பதில்: கூடாது, தோல் வெந்துவிடும், நக்கினால் நுரையீரலும் கெடும். வைத்தியரிடம் உண்ணி மருந்தைக் கேட்டு வாங்குங்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு நஞ்சு என்பதால், இரண்டும் உள்ள வீட்டில் அதனைச் சொல்லியே வாங்க வேண்டும். நாய் சோர்ந்து, ஈறு வெளிறி, சிறுநீர் கறுத்துப் போனால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே குருதியைச் சோதிக்க வேண்டும். காய்ச்சல் என்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள். பூனையை அரை மாத்திரையே கொன்றுவிடக் கூடும்.

கேள்வி (கோப்பாய்): காவலுக்கென்று எடுத்த நாய் ஒரு மாதமாகியும் குரைக்கவில்லை. பகலில் சங்கிலியில் கட்டி இரவில் அவிழ்த்துவிடுகிறோம். காப்பகத்து நாய் காவலுக்கு உதவாதா?

பதில்: எது தன் இடம் என்று அறிந்த பிறகுதான் நாய் அதைக் காக்கும். பகல் முழுவதும் சங்கிலி எட்டும் வட்டத்துக்குள் நிற்கும் நாய்க்கு உங்கள் வளவு எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? அஞ்சினால் விலகி ஓட வழியற்ற நிலையில், அது நாளடைவில் அருகில் வரும் எவரையும், வீட்டுப் பிள்ளைகளையும்கூட, கடிக்கப் பழகும். அதைக் காவல் என்று சொல்ல முடியாது. வேலியின் அடிப்பொட்டுக்களை அடைத்து, கேற்றைச் சாத்தி, பகலிலும் வளவுக்குள் உலாவ விடுங்கள். காலையிலும் பின்னேரத்திலும் வேலியோரமாக நீங்களே அதை நடத்திச் செல்லுங்கள். பெரும்பாலான நாய்கள் சில மாதங்களுக்குள் படலைச் சத்தத்துக்குக் குரல் கொடுக்கத் தொடங்கும். காவல் ஒன்றே நோக்கம் என்றால், நல்ல பூட்டும் ஒரு மின்விளக்கும் மலிவானவை. அவற்றுக்கு மனம் இல்லை.

கேள்வி (வட்டுக்கோட்டை): வீட்டில் ஏற்கெனவே ஆறு வயதுக் கடுவன் நாய் இருக்கிறது. புதிய நாயை எப்படி அறிமுகம் செய்வது?

பதில்: வளவுக்குள் வேண்டாம், ஒழுங்கையில், இருவர் ஆளுக்கொன்றைப் பிடித்து, இடைவெளி விட்டு ஒரே திசையில் நடந்து, பிறகு ஒன்றாக உள்ளே வாருங்கள். உணவுச் சட்டிகளைத் தனித்தனி இடத்தில் வையுங்கள். பழையதற்கே முதலில் சாப்பாடு. கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வதால் சண்டை குறையலாம், ஆனால் அதன் பலன் தெரியச் சில கிழமைகள் செல்லும்.

கேள்வி (சாவகச்சேரி): சாப்பிட்டுக்கொண்டிருந்த நாயின் சட்டியில் எங்கள் ஆறு வயது மகன் கை வைத்தபோது பல் பட்டுக் கீறிவிட்டது. தடுப்பூசி போட்ட அட்டை இருக்கிறது. வைத்தியசாலைக்குப் போக வேண்டுமா?

பதில்: இதை வாசித்து முடிப்பதற்கு முன்பே போயிருக்க வேண்டும். காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடங்கள் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் வேண்டாம். அட்டையை எடுத்துக்கொண்டு அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஊசி தேவையா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். அவர் சொல்லும் காலம் வரை நாயைக் கண்காணிப்பில் வைத்திருங்கள். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிரைக் காப்பது ஏறத்தாழ இயலாத காரியம். நாயைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. உண்ணும்போதும் உறங்கும்போதும் அதனருகே போகாதிருக்க மகனைப் பழக்குங்கள்.

கேள்வி (பருத்தித்துறை): நானும் மனைவியும் எழுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் கனடாவில். நாய்க்குட்டி எடுக்கலாமா, வளர்ந்த நாய் எடுக்கலாமா?

பதில்: வளர்ந்த நாயே நல்லது, ஐந்து வயதுக்கு மேற்பட்டதாயின் இன்னும் நல்லது. குட்டிக்கு இருக்கும் துடிப்பை உங்கள் முழங்கால்கள் தாங்கமாட்டா. தவிர, அது பதினான்கு பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடியது. வளர்ந்த நாயின் குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும், இரண்டு நேர நடையும் ஆள் துணையும் இருந்தால் அது விரைவில் ஒட்டிக்கொள்ளும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள்: பிள்ளைகள் அழைத்து ஆறு மாதம் ரொறன்ரோவுக்குப் போனால் நாயை யார் பார்ப்பார்? 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு போரினால் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது பலர் நாய்களை அவிழ்த்துவிட்டுப் போக நேர்ந்தது. அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. விமானச் சீட்டுப் பதிந்து போகும் பயணத்துக்கு அந்தச் சாக்கு இல்லை. நாய் ஏற்கெனவே பழகிய அயலவர் ஒருவரைப் பொறுப்பாளராக இப்போதே ஒப்புக்கொள்ள வையுங்கள்.

கேள்வி (நல்லூர்): தீபாவளி வருகிறது. வெடிச்சத்தத்துக்குப் புது நாய் ஓடிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானதே. பொழுதுபடுவதற்கு முன் நடத்திச் சென்று சலம் கழிக்க வைத்து, உள்ளறையில் விட்டு யன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் வானொலியையும் போட்டுவிடுங்கள். கழுத்துப் பட்டியில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். அது உங்களிடம் ஒட்டிக்கொண்டால் தடவிக் கொடுங்கள். ஆறுதல் சொன்னால் பயம் கூடும் என்பது தவறான எண்ணம். மிகவும் நடுங்கும் நாய்களுக்கு மருந்து உண்டு, முன்கூட்டியே வைத்தியரைக் கேளுங்கள். வீட்டில் இருக்கும் நித்திரைக் குளிசையைக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி (உரும்பிராய்): மூன்று மாதம் சாதுவாக இருந்த நாய் இப்போது செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது, வாழைப்பாத்தியைக் கிண்டுகிறது, சாப்பாடு பிந்தினால் குசினி வாசலில் நின்று குரைக்கிறது, அம்மா ரீவி பார்க்கும்போது காலடியில் வந்து படுக்கிறது. கெட்டுப்போய்விட்டதா? திருப்பிக் கொடுத்துவிடவா?

பதில்: கொக்குவில் அன்பர் காத்திருப்பது இதற்காகத்தான். தண்டனைக்கு அஞ்சும் நாய் எதையும் கேட்காது. உங்கள் நாய் கேட்கிறது, அதுவும் உரிமையோடு. இந்தக் கட்டத்தில் திருப்பிக் கொடுத்தால் அது முதலிலிருந்து அஞ்சத் தொடங்கும்.

குழப்படியை அடியால் அல்லாமல் ஏற்பாட்டால் குறையுங்கள். கிணற்று நீர் பாயும் வாழைப்பாத்தி குளிர்ச்சியாக இருப்பதால்தான் வெயிலுக்கு அங்கே கிண்டுகிறது. மர நிழலில் ஒரு மணற்குழியைத் தோண்டி ஈரமாக்கிக் கொடுத்து, அதற்குள் ஓர் எலும்பைப் புதைத்து வையுங்கள். எலும்பு பச்சையாக இருக்க வேண்டும். அவித்த எலும்பு சிராய் சிராயாக உடைந்து குடலைக் கிழிக்கும். செருப்பை எட்டாத உயரத்தில் வைத்து, கடிக்கப் பழைய கயிற்று முடிச்சு ஒன்றைக் கொடுங்கள். குரைக்கும்போது சட்டியை வைக்காதீர்கள். வாயை மூடிய கணத்தில் வையுங்கள், சில நாட்களில் கணக்கைப் பிடித்துவிடும். அம்மாவின் காலடியில் படுப்பதற்கு மருந்து எதுவும் தேவையில்லை. எழும்பும்போது வாலை மிதிக்காமல் மட்டும் அவர் பார்த்துக்கொள்ளட்டும்.